இமை அழற்சிக்கு ஐந்து நாள் மாத்திரையா, ஆறு வார மாத்திரையா?

மூன்று வருடமாகக் காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டுதான் எழுவேன். இமைமயிர் வேரில் தவிடு அப்பியது போலச் செதில். பகல் முழுவதும் மணல் விழுந்த உறுத்தல். வெந்நீர் ஒத்தடமும் இமை ஓரத்தைத் துடைப்பதுமாக ஓட்டிப் பார்த்தும் அடங்கவில்லை. போன மாசியில், ஈரோட்டில் கண் மருத்துவர் மாத்திரை எழுத முடிவு செய்து இரண்டைச் சொன்னார்: டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். நான் இரண்டாவதற்குச் சம்மதித்தேன். முதலாவதை என் மச்சான் முந்தைய வருடமே ஆறு வாரம் சாப்பிட்டிருந்தார்.

இரண்டும் ஆன்டிபயாடிக்தான். ஆனால் இங்கே கிருமியைக் கொல்வதைவிட வீக்கத்தைத் தணிப்பதும், இமையோரச் சுரப்பிகளில் கெட்டியாகிப்போன எண்ணெயை இளக வைப்பதும்தான் பெரிய வேலை. விலை இரண்டுக்கும் கைக்கு அடக்கம்.

என்னை முடிவெடுக்க வைத்தது வெயில். மாசி என்றால் எங்கள் களத்தில் மஞ்சள் வேகவைத்துக் காயப்போடும் காலம். பத்துப் பதினைந்து நாள் கிழங்கைக் கிளறிவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். டாக்சிசைக்ளின் சாப்பிடும்போது தோல் வெயிலைத் தாங்காது. மச்சானுக்குப் பின்கழுத்தும் முன்கையும் தீய்ந்தது போலச் சிவந்து உரிந்தன. "துண்டைத் தலையில் போட்டுக்கொண்டும் பயனில்லை மாப்பிள்ளை" என்றார்.

வெயில் போக மற்றக் கட்டுப்பாடுகளும் உண்டு. தினம் 100 மில்லிகிராம், டம்ளர் நிறையத் தண்ணீரோடு. விழுங்கியதும் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவை கூடவே போனால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். கறவை மாடு நிற்கும் வீட்டில் காலைப் பாலைத் தள்ளிவைப்பது லேசில்லை. மச்சான் நடுவில் நான்கைந்து நாள் மறந்தே போனார். ஆறு வாரத்தில் யாருக்குத்தான் மறக்காது?

அசித்ரோமைசின் எனக்கு முதல் நாள் 500 மில்லிகிராம், அடுத்த நான்கு நாள் 250. அவ்வளவுதான். அது திசுக்களில் நாள்கணக்கில் தங்கி வேலை செய்யும். இரண்டாம் நாள் வயிறு கொஞ்சம் கலங்கியது. பத்து நாளில் செதில் குறைந்தது, காலையில் கண் தானாகத் திறந்தது.

ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அசித்ரோமைசின் ஆபத்தாகலாம். மருத்துவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். சளி பிடித்தாலே மருந்துக்கடையில் இதைத் தானாக வாங்கி விழுங்கும் நம் ஊர்ப் பழக்கத்தையும் இதோடு சேர்க்க வேண்டாம். மறுபக்கம், கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பொதுவாக டாக்சிசைக்ளின் கொடுப்பதில்லை. முகம் சிவக்கும் ரோசேசியாவும் சேர்ந்திருந்தால் அதுவே பொருத்தமாக இருக்கலாம். நிழலில் உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் என் கணக்கு அவருக்குப் பொருந்தாது.

நான் சாப்பிட்டது ஒரே ஒரு சுற்று. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2021ஆம் ஆண்டுத் தொகுப்பும், நாள்பட்ட இமை அழற்சிக்கு வாய்வழி ஆன்டிபயாடிக் எவ்வளவு உதவும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. ஐந்து மாதம் கழித்து இப்போது வலது இமையில் மட்டும் லேசான உறுத்தல் திரும்பியிருக்கிறது. மச்சானுக்கு ஏழாம் மாதம் திரும்பியது. சாயங்காலம் பத்து நிமிட ஒத்தடத்தை இருவருமே இன்னும் விடவில்லை.