சொரியாசிஸுக்கு வாசலினா, கரித்தாரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணத்துப் பார்மசியில் டாக்டர் சீட்டில்லாமல், குறைந்த காசில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு: சாதாரண வாசலின், கரித்தார் (நிலக்கரியிலிருந்து எடுக்கும் தார்) கலந்த ஷாம்பூ அல்லது களிம்பு. தோலில் செதில் செதிலாகப் படை கிளம்பும் இந்த சொரியாசிஸ் நோயை இரண்டும் தீர்க்காது, தணிக்கும். (இது ஒட்டுவாரொட்டி இல்லை, துண்டைத் தனியே பிரித்து வைக்கும் மாமியார்கள் கவனிக்க.)

வாசலின் மருந்தே இல்லை. தோலின் ஈரம் போகாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான். செதில் இளக அதுவே போதும். குளித்துத் துடைத்த சில நிமிடத்துக்குள் தடவ வேண்டும். நம் வெக்கையில் பிசுபிசுக்கும், அதனால் இரவுதான் வசதி.

கரித்தார் ஒரு படி மேல். ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோல் செல்கள், சொரியாசிஸில் சில நாட்களிலேயே மேலே வந்து குவிகின்றன. தார் அந்த வேகத்தைக் குறைக்கும், அரிப்பையும் அடக்கும். நாற்றமும் தலையணைக் கறையும் உண்டு. பெரிய சிக்கல் வெயில்: தார் பூசிய தோல் சுலபமாக வெந்துவிடும். செம்பனைக் காட்டில் வேலை செய்பவரின் கைகால்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். தலைக்கு என்றால் தார் ஷாம்பூதான். உடனே அலசாமல் 5 முதல் 10 நிமிடம் ஊற விட வேண்டும். முகம், தொடை இடுக்கு, வெடித்த புண் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) லேபிள் இல்லாமல் விற்கும் 'மூலிகை' டப்பாவைத் தொடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால், நிறுத்தியதும் படை முன்னைவிட மோசமாகக் கிளம்பலாம். இந்த நோய் மூட்டையும் பிடிக்கலாம்: மூட்டு வீங்கினாலோ, காலையில் விரல் மடங்காவிட்டாலோ அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான்.