கஞ்சா: பூட்டா, கடையா, சங்கமா?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய குடும்பம் ஒன்றில் ஒரு பிள்ளை சிங்கப்பூரில், ஒருவர் டொராண்டோவில், இன்னொருவர் மியூனிக்கில் என்று இருப்பது புதிதல்ல. கடல்கடந்து தொழில் செய்ய, அதாவது கொண்டுவிக்க, போன காலம்தொட்டு நமக்கு இது பழக்கம்தான். கல்யாணத்துக்கு மூன்று பேரும் ஊருக்கு வந்து, கஞ்சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மூவரும் மூன்று சட்டம் சொல்வார்கள். சிங்கப்பூரில் தூக்கு வரை போகும். டொராண்டோவில் ரசீதோடு வாங்கலாம். மியூனிக்கில் வைத்திருக்கலாம், ஆனால் கடை கிடையாது. வயது வந்தவர்களுக்கு அனுமதிக்கலாமா என்று நம்மூரில் கேட்டால், எதை அனுமதிப்பது என்பதே முதல் கேள்வி.

முதலில் நம் பூட்டு, அதாவது தடை. 1985 போதைப்பொருள் சட்டப்படி ஒரு கிலோ வரை கஞ்சா ‘சிறு அளவு’. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு. தமிழ்நாட்டில் இதற்கு மேல் குண்டர் சட்டமும் பாயும். பூவும் காயும் உள்ள நுனிதான் சட்டத்தின் கண்ணில் கஞ்சா, தனி இலை அதில் வராது. அதனால்தான் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்க உரிமம் பெற்ற கடைகள் இருக்கின்றன. ஒரே செடி, வடக்கே கடை, தெற்கே கைது.

சரி, பூட்டு பூட்டுகிறதா? பழைய தினசரித் தாளில் மடித்த பொட்டலத்தைப் பிரித்தால் பாதி காம்பும் விதையும். எடை எழுதியிருக்காது, வீரியம் தெரியாது, வேறு எதைக் கலந்திருக்கிறார்கள் என்பது விற்பவனுக்கே தெரியுமா என்பது சந்தேகம். ஊருணிக்கரையில் வாங்குகிற பையனுக்கு வயது பதினைந்தா இருபத்தைந்தா என்று கேட்கவும் ஆளில்லை. இளவயதில் அதிகமாகப் புகைத்தால் மனநோய் அபாயம் கூடும் என்பது தெரிந்த விஷயம். அப்படியிருக்க, வயதே கேட்காத ஒரே ஏற்பாடு தடைதான் என்பது எனக்கு நெருடுகிறது.

கனடா 2018 அக்டோபரில் கடையைத் திறந்தது. குழந்தை திறக்க முடியாத மூடி, படம் இல்லாத டப்பா, மேலே எடை, வீரிய அளவு, சிவப்பு எச்சரிக்கைச் சின்னம். பொட்டலத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் ஒண்டாரியோவில் தனியார் கடைகள். டொராண்டோ குவீன் தெருவில் அவை நெருக்கியடித்து நிற்கின்றன. கியூபெக்கில் அரசு கடைகள் மட்டும், வயது 21, லாபம் போதைத் தடுப்புக்கும் ஆய்வுக்கும் போகிறது.

அரசு கடை என்றதும் நமக்கு டாஸ்மாக்தான் ஞாபகம் வரும். சில்லறை விற்பனை 2003ல் அதன் கைக்கு வந்தது. 2023-24ல் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு வரவு தரும் கடையை இழுத்து மூட எந்த அரசுக்கு மனசு வரும்? ‘அரசாங்கமே வித்தா பயலுக கெட மாட்டானுகளா?’ என்று ஒரு ஆச்சி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தாய்லாந்தின் கூத்து வேறு. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், முறைப்படுத்தும் சட்டம் வரவில்லை, தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025ல் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று திருப்பிப் பூட்ட வேண்டியதாயிற்று.

லாபம் பார்க்க ஆளில்லாததால் எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் வழி. 2024 ஏப்ரல் முதல் வெளியில் 25 கிராம், வீட்டில் மூன்று செடி. அதிகபட்சம் 500 பேர் கொண்ட சங்கம் தன் உறுப்பினர்களுக்கு மட்டும் வளர்த்துக் கொடுக்கும்; 21க்குக் கீழே என்றால் அளவும் வீரியமும் குறைவு. ஆனால் காரைக்குடியில் அப்படியொரு சங்கத்தில் யார் பெயர் கொடுப்பார்கள்? காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் சாயங்காலத்துக்குள் பெண் வீட்டாருக்குச் சேதி போய்விடும். உருகுவே மாதிரி மருந்துக்கடையில் கைரேகை வைத்து வாங்கச் சொன்னாலும் இதே கதைதான்.

ஆக, இப்போதைக்கு என் ஓட்டு போர்ச்சுகலுக்கு. 2001லிருந்து அங்கே தன் உபயோகத்துக்கு 25 கிராம் வரை வைத்திருந்தால் சிறை இல்லை. ஒரு குழு முன்னால் உட்காரவைத்துப் பேசுவார்கள், தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். விற்றால் குற்றம். நம் சட்டத்திலும் 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வரும் அடிமையானவர்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது; அதை அகலப்படுத்த நாடாளுமன்றம் மனசு வைத்தால் போதும். குறை இல்லாமல் இல்லை: பொட்டலம் அதே பொட்டலமாகத்தான் இருக்கும், உள்ளே என்ன என்று அப்போதும் தெரியாது.

சட்டம் இங்கே எப்படி மாறினாலும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு மாறாது. அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் ஒரு கிலோ கஞ்சா வழக்கில் தூக்கிலிடப்பட்டவர் ஒரு தமிழர். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர் வெளிநாட்டில் புகைத்துவிட்டு வந்தாலும் அங்கே குற்றம்தான். டொராண்டோ அண்ணன் கடைக்குக் கூட்டிப்போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.