அசாசின்ஸ் ஃபிஸ்ட்டா, லெகசியா?

தேர்வு முடிந்து அக்காள் மகன் வந்திருந்தான். சண்டை விளையாட்டிலிருந்து எடுத்த இணையத்தொடர் ஒன்றைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எங்களுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு மாலைப்பொழுது. ஒரு பக்கம் 2011-இல் தொடங்கிய ‘மார்ட்டல் காம்பாட்: லெகசி’, மறுபக்கம் 2014-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்: அசாசின்ஸ் ஃபிஸ்ட்’. இரண்டையும் முன்பே பார்த்தவன் நான். இரண்டாவதைத்தான் போட்டேன், இன்று கேட்டாலும் அதைத்தான் போடுவேன்.

இரண்டும் பிறந்த விதம் ஏறத்தாழ ஒன்றுதான். 2010-இல் கெவின் டான்சரோன் ஒரு குறும்படம் எடுத்து மார்ட்டல் காம்பாட்டுக்கு வழி திறந்தார். அதே ஆண்டில் ஜோயி ஆன்சா மூன்று நிமிடப் படம் ஒன்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ரசிகர்களை நிமிர்ந்து உட்காரவைத்தார். பின்னர் இரண்டு தொடர்களும் மஷினிமா என்ற யூடியூப் சேனலில் இலவசமாக வெளிவந்தன. ரத்தம் லெகசியில் அதிகம். சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அந்த ஒன்றை வைத்தே முடிவெடுத்துவிடலாம். மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

லெகசிக்குப் பிறவியிலேயே ஒரு வசதி உண்டு. 1992-இல் வந்த மூல விளையாட்டே நிஜ நடிகர்களைப் படம்பிடித்துத் திரையில் ஏற்றியதுதான். அதை மறுபடி நடிகர்களிடம் கொடுப்பது அரைத்த மாவை அரைக்கிற வேலை. ஸ்ட்ரீட் ஃபைட்டரோ தொடக்கத்தில் முழுக்கக் கையால் வரைந்த உலகம். அதன் நாயகர்களில் ஒருவனான கென், சிவப்பு உடையும் மஞ்சள் முடியுமாக நிஜ மனிதனாக வந்து நின்றால் மாறுவேடப் போட்டிக்குப் புறப்பட்ட பிள்ளை போலத்தான் இருப்பான் என்று பயந்தேன். முதல் அத்தியாயத்தில் அந்த முடி கொஞ்சம் உறுத்தவும் செய்தது. அப்புறம் மறந்துபோனது.

லெகசியின் நல்ல பக்கத்தை மறைக்க விரும்பவில்லை. ஜாக்ஸாக மைக்கேல் ஜெய் வைட், சோனியாவாக ஜெரி ரயன்: முகம் தெரிந்த நடிகர்கள். முதல் பருவத்தின் ஒன்பது அத்தியாயங்களும் தனித்தனிக் கதைகளாகப் பிரிந்திருப்பதால் (சில கதைகளுக்கு இரண்டு அத்தியாயங்கள்) எந்தக் கதையிலிருந்தும் நுழையலாம். எனக்குப் பிடித்தது ரெய்டன் வரும் அத்தியாயம். இடியின் தெய்வம் மனநல மருத்துவமனைக்குள் வந்து விழுகிறார். தெய்வம் என்று அவர் சொல்லச் சொல்ல, வைத்தியம்தான் கூடுகிறது. பெண்களுக்கும் இங்கே தனிக் கதைகள் இருக்கின்றன. அசாசின்ஸ் ஃபிஸ்ட்டில் சொல்லும்படியான பெண் பாத்திரம் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு ஆண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பாத்திரம்.

அப்படியிருந்தும் தராசு ஏன் அசாசின்ஸ் ஃபிஸ்ட் பக்கம் சாய்ந்தது? என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: கையிலிருந்து நெருப்புப் பந்து கிளம்புகிறதே, அதற்கு அந்தத் தொடர் என்ன விலை கொடுக்கிறது?

விளையாடியவர்களுக்குத் தெரியும். ஹடோகென் என்ற அந்தப் பந்தை விட, திசைப் பொத்தானில் கீழே, குறுக்கே, முன்னே, உடனே குத்து. சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. செய்யப் போனால், கட்டைவிரல் குறுக்கு வழியைத் தவறவிட்டுவிடும், ஆட்டத்தின் நாயகன் ரியூ காற்றில் வெறும் குத்து விடுவான், எதிராளி வந்து சாத்திவிட்டுப் போவான். நான் கற்றுக்கொண்ட வாரத்தில் கட்டைவிரல் தோல் கன்றிச் சிவந்திருந்தது. கடைசியில் அந்த நீலப் பந்து புறப்பட்டபோது அதைச் செய்தது ரியூ இல்லை, நான்.

இந்த ஒன்றை அசாசின்ஸ் ஃபிஸ்ட் பிடித்துக்கொண்டது. ஜப்பானியக் காட்டுக்குள் ஒரு குரு, இரண்டு சீடர்கள். (காடு பல்கேரியாவில் படமானது என்று பின்னால் தெரிந்தது, தெரிந்தும் நம்பிக்கை குலையவில்லை.) கோகென் என்ற அந்தக் குரு வித்தையின் அடித்தளத்தைத்தான் முதலில் கொடுக்கிறார், உச்சியைக் கண்ணில் காட்டுவதில்லை. கென் பொறுமையிழக்கிறான், ரியூ வாய் திறவாமல் உழைக்கிறான். விளையாட்டில் அசைவுகளைப் பொறுத்தவரை இருவரும் முதலில் ஒரே அச்சு, உடையும் தலையும்தான் வேறு. அந்த ஒற்றுமைக்குத் தொடர் காரணம் சொல்கிறது: ஒரே குரு, ஒரே முற்றம். பிறகு இருவரும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்பதையும் நிதானமாகக் காட்டுகிறது. இடையே குருவின் இளமைக்காலம் வருகிறது. கோகெனும் தம்பி கோகியும் ஒரே ஆசானிடம் பயின்று, தம்பி கொல்லும் வெறியைத் தரும் ‘சாட்சுயி நோ ஹடோ’ என்ற சக்தியின் பக்கம் சாய்கிற கதை. அதன் முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பார்த்த பிறகு ‘ஹடோ’ என்ற சொல் காதில் விழும்போதே வயிற்றில் ஒரு கனம் ஏறுகிறது.

லெகசியில் வித்தை ஏற்கெனவே கைவந்தவர்கள் வருகிறார்கள். சண்டைகள் நேர்த்தியானவை, சில இடங்களில் மற்றதைவிடக் கூர்மையானவை. ஆனால் எதிராளியைப் பனியாக உறையவைக்கும் கை அதை எங்கே, எப்படிக் கற்றது என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. பார்க்கிறோம், ரசிக்கிறோம், அடுத்த அத்தியாயம் வேறொருவருடையது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்ட்டல் காம்பாட்டை நான் அதிகம் விளையாடியவன் அல்ல. அதன் வீரன் ஸ்கார்ப்பியனின் ஈட்டியை இழுத்து இழுத்துப் பழகியவர்களுக்கு என் தராசே கோணலாகத் தெரியலாம். 2013-இல் வந்த இரண்டாம் பருவத்தை ஒருமுறைதான் பார்த்தேன். ஜானி கேஜ் பாத்திரத்தில் வேறு நடிகர் வந்ததும், மூன்றாம் பருவம் வராமலே போனதும் எனக்குக் குறையாகத் தங்கிவிட்டன. மறுபடி பார்த்தால் கொஞ்சம் இளகுவேனோ என்னவோ.

பையனுக்கு முதல் அரை மணி நேரம் இருப்புக் கொள்ளவில்லை. “மாமா, எப்போதுதான் சண்டை போடுவார்கள்?” என்று மூன்று முறை கேட்டான். நான்காவது முறை கேட்கவில்லை. பன்னிரண்டு அத்தியாயங்களும் முடிந்தபோது மணி பதினொன்றரை. எழுந்து போய்க் கன்ட்ரோலரை எடுத்தான், ரியூவைத் தேர்ந்தெடுத்தான், எதிரே யாரையும் வைக்காமல் பயிற்சி அறையில் நுழைந்து ஹடோகெனாகப் போட்டுக்கொண்டிருந்தான். பத்தில் ஏழு வந்தது.

அடுத்த விடுமுறைக்கு லெகசி என்று சொல்லியிருக்கிறேன். ரெய்டனிலிருந்து தொடங்குவதாக உத்தேசம்.