ஏஜென்ட் இல்லாமல் தீவு தீவாக: ஏழு வருட டிக்கெட் அனுபவம்

2018இல் அந்தமானுக்குப் போனபோதுதான் முதல்முறையாக நானே விமான டிக்கெட் போட்டேன். அதுவரை மயிலாப்பூரில் ஒரு டிராவல் ஏஜென்ட் இருந்தார். அப்பா காலத்துப் பழக்கம். போனில் தேதியைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் டிக்கெட் வந்துவிடும். அந்தமானுக்கு அவர் சொன்ன விலையைச் சும்மா விமான நிறுவனத்தின் தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் குறைவாக இருந்தது. சென்னையிலிருந்து நேரே இரண்டேகால் மணி நேரப் பயணம், இதற்கு எதற்கு ஏஜென்ட் என்று நானே போட்டேன். ஒரு சிக்கலும் வரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அப்புறம் மலேசியா, பாலி எல்லாம்.

நேரே போய் நேரே திரும்பும் டிக்கெட்டுக்கு ஏஜென்ட் தேவையே இல்லை என்று இப்போதும் சொல்வேன். ஒரே பயணத்தில் இரண்டு மூன்று தீவுகளைக் கோக்கும்போது கதை வேறு. ஒரு விமானத்தில் இறங்கி அடுத்ததில் ஏறும் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்ளத்தான் ஏஜென்ட் காசு வாங்கினார் என்பது எனக்குக் கோலாலம்பூரில் வைத்துத்தான் உறைத்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே புரியும் தலைவலி இது. என் மனைவியின் பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. வெறும் ஒற்றைப் பெயர், இனிஷியல்கூட இல்லை. ஆனால் டிக்கெட் தளம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. சில நிறுவனங்கள் இருக்கிற பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன. சில, முதல் கட்டத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டுவிட்டுப் பெயரை இரண்டாவதில் எழுதச் சொல்கின்றன. லங்காவி, பினாங்கு என்று 2024 பிப்ரவரியில் போனபோது மூன்று நிறுவனங்களில் மூன்று டிக்கெட். மூன்றிலும் அவள் பெயர் மூன்று விதம். லங்காவி கவுண்டரில் இருந்த பெண் போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டார். பத்து நிமிடம்தான், ஆனால் எனக்கு வியர்த்துவிட்டது. திரும்பி வந்ததும் அவள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புதிதாக வாங்கினோம்.

மற்றபடி அந்த மலேசியப் பயணம் அருமை. 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு அங்கே விசா வேண்டாம். 30 நாள் வரை இருக்கலாம், வருகைப் படிவத்தை மட்டும் ஆன்லைனில் நிரப்பினால் போதும். தேடும்போது 'மல்டி-சிட்டி' என்பதை அழுத்தி, சென்னை–லங்காவி, லங்காவி–பினாங்கு, பினாங்கு–சென்னை என்று போட்டுப் பாருங்கள். ஒரு தீவில் இறங்கி வேறு தீவிலிருந்து ஊர் திரும்பலாம், போன வழியே வர வேண்டியதில்லை. சில சமயம் இப்படிச் சேர்த்துப் போடுவதைவிடத் தனித்தனியாகப் போட்டால் மலிவாக வரும். எனக்கும் வந்தது. அந்த ருசிதான் பாலியில் கவிழ்த்தது.

நடுவில் ஒன்று: சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் நிறைய நள்ளிரவை ஒட்டித்தான். 15ஆம் தேதி 12.05 என்றால் 14ஆம் தேதி ராத்திரியே கிளம்பி மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். நான் 15ஆம் தேதியிலிருந்து லீவ் போட்டுவிட்டு, கிளம்பும் நாள் மதியம் ஆபீசில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தேன்.

சரி, பாலி. அதே வருஷம் செப்டம்பர். சென்னை–கோலாலம்பூர் ஒரு டிக்கெட். கோலாலம்பூரிலிருந்து டென்பசாருக்கு, அதாவது பாலியின் விமான நிலையத்துக்கு, போக வர வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். அங்கிருந்து லாபுவான் பாஜோவுக்குத் தனியாக ஒன்று. கொமோடோ உடும்புகளைப் பார்க்கப் படகு ஏறும் ஊர் அது. கோலாலம்பூரில் நான்கு மணி நேரம் இடைவெளி வைத்திருந்தேன். தாராளம் என்று நினைப்பு. சென்னையிலேயே விமானம் இரண்டு மணி நாற்பது நிமிடம் தாமதம். காலை 6.40க்கு இறங்க வேண்டியவர்கள் 9.20க்கு இறங்கினோம். அடுத்த விமானம் 10.40. தனித்தனி டிக்கெட் என்பதால் லக்கேஜ் நேரே போகாது; இமிக்ரேஷன் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். போதாக்குறைக்கு நாங்கள் இறங்கியது இரண்டாம் டெர்மினல், ஏற வேண்டியது ஒன்றாம் டெர்மினல். நடுவில் ரயில். ரயில் மூன்றே நிமிடம்தான், அதற்குக் காத்திருந்தது அதைவிட அதிகம். கவுண்டரை அடைந்தபோது மணி 10.25. மூடியாயிற்று.

இரண்டாம் நிறுவனத்தைப் பொறுத்தவரை நாங்கள் வராமல் போனவர்கள், அவ்வளவுதான். முதல் விமானம் தாமதம் என்பது அவர்கள் கணக்கிலேயே வராது. அதுகூடப் பரவாயில்லை. போகும் பகுதியில் ஏறாவிட்டால் அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பகுதியும் ரத்தாகிவிடும் என்பது எனக்குத் தெரியாது. கவுண்டரில் இருந்தவர் தமிழர். "திரும்பறதும் போயிடுச்சுண்ணே" என்று அவர் மெதுவாகச் சொன்னார். புது டிக்கெட் இரண்டு வழிக்கும் வாங்கினேன். ஏஜென்ட் கமிஷனில் ஆறு வருடமாக மிச்சம் பிடித்தது அந்த ஒரு காலையில் போனது. ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், போட்டிருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பாக இருந்திருக்கும்.

அதிலிருந்து இரண்டு பழக்கம். நடுவில் மாறும் ஊருக்கு ஒரே பிஎன்ஆர், இல்லையென்றால் அங்கே ஒரு ராத்திரி தங்கல். சின்னத் தீவிலிருந்து கிளம்பும் உள்ளூர் விமானம், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே. விசா இல்லாமல் வெளியே வர முடியாத ஊரில் தனித்தனி டிக்கெட் போட்டு மாறுவதை நினைத்தே பார்க்கக் கூடாது, பெட்டியை எடுக்கவே வெளியே விட மாட்டார்கள்.

காசு விஷயத்தில் டிக்கெட் விலை மட்டும் கணக்கில்லை. வெளிநாட்டுத் தளத்தில் என் கார்டுக்கு 3.5 சதவீதம் கூடுதல், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 30,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 1,239 ரூபாய் இப்படியே போகும். மலிவு டிக்கெட்டில் 7 கிலோ கைப்பைதான் இலவசம். பெட்டிக்கு ஒவ்வொரு தாவலுக்கும் தனிக்கட்டணம். இந்தோனேசியாவில் இறங்கியதும் விசாவுக்கு ஆளுக்கு 5 லட்சம் ருப்பையா, பாலித் தீவுக்கு என்று தனியாக ஒன்றரை லட்சம். பூஜ்ஜியங்களைப் பார்த்து அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

இடைத்தரகுத் தளங்களில் இப்போது தேட மட்டும் செய்கிறேன். ஒரு முறை அப்படிப் போட்ட டிக்கெட்டின் நேரம் மாறியது. விமான நிறுவனம் தளத்தைக் கேள் என்றது, தளம் நிறுவனத்தைக் கேள் என்றது.

2025இல் அப்பா அம்மாவோடு மாலத்தீவு போனபோது மட்டும் பழைய ஏஜென்டிடமே போனேன். வெட்கமில்லை. அங்கே தலைநகர் மாலேயிலிருந்து மற்ற தீவுகளுக்குப் போகும் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்று ராத்திரி அங்கேயே தங்கல்தான். எழுபது வயது முழங்கால்களை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை நான் போடத் தயாராக இல்லை. அவர் காலையில் இறங்கும்படி பார்த்துப் போட்டுக்கொடுத்தார்.

இந்த டிசம்பருக்கு மறுபடி பினாங்கு, லங்காவி. பினாங்குக்குச் சென்னையிலிருந்து 2024 டிசம்பரில் நேரடி விமானம் வந்துவிட்டதால் கோலாலம்பூர் ஓட்டம் இல்லை. போன வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டு முடித்தேன். மூன்று டிக்கெட்டிலும் மனைவியின் பெயர் ஒரே மாதிரி வந்திருக்கிறது. மூன்றையும் அவளே ஒரு தடவை சரிபார்த்தாள்.