ஓஆர்எஸ் கேட்டேன், ஜூஸ் கொடுத்தார்கள்: கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

குழந்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் உடனே மெடிக்கலுக்கு ஓடிப்போய் ஓஆர்எஸ், அதாவது உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல், கேட்போம். கடைக்காரர் ஸ்ட்ரா ஒட்டிய அட்டை டப்பாவை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருந்தாலும் வயிற்றுப்போக்குக்கு என்று கொடுக்காதீர்கள். பவுடர் பாக்கெட் கேளுங்கள். அதன் மேல் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு கடைக்குப் போகலாம். மற்றவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம், அதாவது 2025 தீபாவளி முடிந்த வாரம். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள், மதியத்துக்குள் தண்ணீராகப் போக ஆரம்பித்துவிட்டது. வழக்கமாகக் காட்டும் டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய மெடிக்கலுக்குப் போய், "பாப்பாவுக்கு லூஸ் மோஷன், ஓஆர்எஸ் பாக்கெட் கொடுங்க" என்று தெளிவாகத்தான் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் ஆப்பிள் படம் போட்ட டப்பாக்களை எடுத்து வைத்தார். "பவுடர் எல்லாம் உப்புக் கரிக்கும்க்கா, குழந்தை துப்பிடும். இது ரெடிமேட். எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். டப்பாவின் பெயரிலேயே அந்த மூன்று எழுத்துகளும் பெரிதாக இருந்தன. மருந்துக் கடையில், மருந்து கேட்டபோது, மருந்துக் கடைக்காரர் கொடுத்தது. சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மகள் ஆசையாகக் குடித்தாள். குடிக்கக் குடிக்கப் போக்கு அதிகமானது. போகிற நீரை ஈடுகட்டத்தானே இது என்று மறுபடியும் கொடுத்தோம். இருட்டுகிற நேரத்தில் அத்தைதான் முதலில் கவனித்தார்கள்: "ஏம்மா, அழுகிறாள், கண்ணில் தண்ணியே வரலையே." மாற்றிவிட்ட டயப்பரில் சிறுநீரே இல்லை. கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தூக்கினால் தோளில் துவண்டு கிடந்தாள், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அப்படியே வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவ்வளவு வறண்டு போன குழந்தைக்கு நரம்பு கிடைப்பதில்லை. இரண்டு கையிலும் தேடி, கிடைக்காமல், கடைசியில் காலில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து, பஞ்சு சுற்றி, கால் அசையாமல் இருக்க அதோடு சேர்த்து பிளாஸ்டர் போட்டார்கள். அத்தனை குத்தலுக்கும் அவளுக்குச் சத்தம் போட்டு அழத் தெம்பில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. இரத்தப் பரிசோதனையில் சோடியம் 127 என்று வந்தது. குறைந்தது 135 இருக்க வேண்டுமாம். இன்னும் இறங்கினால் ஃபிட்ஸ் வரலாம் என்று டியூட்டி டாக்டர் சொன்னார். சிறு வயதுப் பெண், ஆனால் நிதானமாகப் பேசினார்.

வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பையில் இருந்த டப்பாவை எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் திருப்பி, டார்ச் அடித்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் ஃபார்முலா அல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. முன்பக்கம் கட்டைவிரல் உயரத்துக்குப் பெயர், பின்பக்கம் எறும்பு அளவில் உண்மை. உடம்பு சரியில்லாத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற எந்தத் தாய் அந்த வரியைப் படிப்பாள்?

டாக்டர் விளக்கியதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரிந்தால்தான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று புரியும். உண்மையான ஓஆர்எஸ் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம், அவ்வளவுதான். குடலின் சுவரில் சர்க்கரையும் சோடியமும் சேர்ந்துதான் உள்ளே போகும், அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். அதனால்தான் அந்த அளவு. சர்க்கரை மிதமிஞ்சினால் நடப்பது நேர்மாறு: உடம்பில் இருக்கும் நீரையும் அது குடலுக்குள் இழுத்துக்கொண்டு வந்து வெளியே தள்ளிவிடும். நான் வாங்கிய 200 மில்லி டப்பாவில் சர்க்கரை 20 கிராமுக்கு மேல். உண்மையான கரைசலில் அதே 200 மில்லிக்கு 2.7 கிராம். இழந்த உப்பை ஈடுகட்டும் அளவுக்கு டப்பாவில் சோடியமும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: வயிற்றுப்போக்கு இந்தப் பானத்தால் வந்ததல்ல, அது கிருமியால் வந்தது. ஆனால் வீட்டிலேயே பாக்கெட் கரைசலும் தாய்ப்பாலுமாகச் சமாளித்திருக்கக்கூடிய குழந்தை, காலில் ஊசியோடு வார்டில் கிடந்ததற்குக் காரணம் இந்தப் பானம்தான் என்று டாக்டர் தயங்காமல் சொன்னார்.

இந்தச் சங்கதியின் பின்னணியை வார்டில் தூக்கம் வராத இரவில் போனில் தேடிப் படித்தேன். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI) இப்படிப் பெயர் வைப்பது தவறு என்றது. அதே வருடம் ஜூலையில், பின்னால் ஒரு மறுப்பு வரி போட்டால் போதும் என்று விட்டுக்கொடுத்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடம் போல இதற்காகப் போராடியிருக்கிறார், உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார். 2025 அக்டோபர் 14 அன்றுதான் ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. சரியான கலவை இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓஆர்எஸ் என்ற சொல் முன்னாலும் வரக்கூடாது, பின்னாலும் வரக்கூடாது. நான் டப்பா வாங்கியது அந்த உத்தரவுக்குப் பிறகு. அதாவது கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதே ஓஆர்எஸ் முறையில் டிரம்மில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அப்படி நிரூபித்த ஒரு மருந்தின் பெயரை எடுத்து ஜூஸ் டப்பாவில் ஒட்டி விற்க எப்படி மனசு வந்தது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகள் தேறி, வாயால் குடிக்கக் கொடுக்கலாம் என்றதும், அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கும் மருந்தகத்தில் ஓஆர்எஸ் எழுதிய சீட்டைக் கொடுத்தேன். அவர்களும் ஆரஞ்சு டப்பா ஒன்றை எடுத்து வைத்தார்கள்! மேலே டாக்டர் எதைக் கொடுக்கக் கூடாது என்கிறாரோ, அதைக் கீழே விற்கிறார்கள். "இது வேண்டாம், பவுடர் கொடுங்க" என்று சத்தம் போட்ட பிறகுதான் உள்ளே போய்த் தேடிக் கொண்டுவந்தார்கள். டாக்டரிடம் சொன்னேன். அவர் நேராகக் கீழே இறங்கிப் போனார்.

அந்த வார்டு சிஸ்டர் கற்றுக்கொடுத்தது எனக்குப் பெரிய பாடம். பாக்கெட் முழுவதையும், அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பாதி பாக்கெட்டை டம்ளரில் போடுவது ஆபத்து. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் நல்லது. மேற்கொண்டு சர்க்கரை, பால் எதுவும் சேர்க்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். டம்ளரைச் சாய்த்துக் கொடுத்தால் வாந்திதான் வரும். ஊசி இல்லாத சிரிஞ்சிலோ ஸ்பூனிலோ, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு வாய். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடியும் மெதுவாகத் தொடங்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேலான வயதுக்கு 100 முதல் 200. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு டாக்டர் துத்தநாக (ஜிங்க்) மருந்து எழுதினால், போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். எதிர்பார்த்ததற்கு மாறாக என் மகள் அந்த உப்புக் கரைசலைத் துப்பவே இல்லை. வறண்டு போன குழந்தைக்கு அது வேண்டியிருக்கிறது.

கடையில் பாக்கெட்டே கிடைக்கவில்லை என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். நடு ராத்திரியில் அதுவும் முடியாதென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. அழுதால் கண்ணீர் இல்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, துவண்டு கிடக்கிறது, மலத்தில் இரத்தம், எது கொடுத்தாலும் வாந்தி: இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீடு திரும்பியதும் அந்த மெடிக்கலுக்குப் போனேன். முதலாளி இருந்தார். "கம்பெனிக்காரன் திரும்ப எடுத்துக்கல, நாங்க எங்கம்மா கொட்டறது?" என்றார். என் குழந்தையின் வயிற்றிலா கொட்டுவது என்று கேட்டேன், பதில் இல்லை. அன்று பில்லும் தரவில்லை. நல்லவேளை, ஜிபேயில் அனுப்பியதால் தேதியும் நேரமும் இருந்தது. டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண் மூன்றையும் படம் எடுத்து, பணம் அனுப்பிய விவரத்தோடு, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊர்க் கடையில் இப்படி டப்பா இருந்தால் நீங்களும் படம் எடுத்து அனுப்புங்கள். தூக்கிப் போடுவதற்கு முன் பேட்ச் எண்ணைப் படம் எடுத்துவிடுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.