சோடியம் குழாயில் ஆறு வருட ஒளியிழை: என் அனுபவம்

சோடியத்தால் குளிரூட்டப்படும் வேக ஈனுலை என்ற அணு உலைக்கான சோதனை லூப் (திரவச் சோடியம் சுற்றி ஓடும் குழாய் அமைப்பு) ஒன்றில், குழாய் நெடுக ஒட்டிவைத்த ஒளியிழை வெப்பமானியோடு ஆறு வருடமாக வேலை செய்கிறேன். அது முதல் வருடமே எனக்குப் பிடித்துப்போனது.

சோடியம் நிரப்பும் முன் குழாயை ஹீட்டர்களால் 200 டிகிரிக்குச் சூடாக்குவோம். 98 டிகிரிக்குக் கீழே சோடியம் உறைந்துவிடும். வழியில் ஓரிடம் குளிர்ந்திருந்தாலும் அங்கேயே அடைத்துக்கொள்ளும். முதல் வருடம் ஒருமுறை அப்படிச் சூடாக்கியபோது, தெர்மோகப்பிள்கள் (ஒரு புள்ளியின் வெப்பத்தை மட்டும் அளப்பவை) எல்லாம் சரியாகவே காட்டின. ஒளியிழையின் கோடு மட்டும் 41ஆவது மீட்டரில் 90க்குச் சரிந்து, மறுபடி ஏறியது. இன்சுலேஷனைப் பிரித்தோம். இரண்டு தெர்மோகப்பிள்களுக்கு நடுவில் ஒரு ஹீட்டர் செத்துக் கிடந்தது.

இழைக்குள் அனுப்பும் லேசர் துடிப்பு போகும் வழியெல்லாம் கொஞ்சம் சிதறித் திரும்பி வருகிறது. எவ்வளவு நேரத்தில் வந்தது என்பது இடத்தைச் சொல்லும்: மீட்டருக்குச் சுமார் 10 நானோ நொடி. திரும்பும் ஒளியில் அலைநீளம் குறைந்தது ஆன்டி-ஸ்டோக்ஸ், கூடியது ஸ்டோக்ஸ்; இவற்றின் விகிதம் வெப்பத்தைச் சொல்லும்.

இதன் குறைபாடும் அந்த விகிதத்தில்தான் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு அலைநீளம். இழைக்கு வயதாகும்போது இரண்டும் ஒரே அளவில் மங்குவதில்லை. மூன்றாம் வருடம், கடைசி 20 மீட்டர் வாராவாரம் 'குளிர்ந்துகொண்டே' போனது. குழாயில் எந்த மாற்றமும் இல்லை. மங்கியது இழைதான். அப்புறம் இழையின் இரண்டு முனையையும் கருவிக்கே கொண்டுவந்து, இரு பக்கமும் அளந்து கணக்கிட்டோம். அந்தப் பொய்க் குளிர் போய்விட்டது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். உலைக்குப் பக்கத்தில் கதிர்வீச்சு இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். அங்கே ஜெர்மானியம் கலந்த சாதாரண இழையைவிடத் தூய சிலிக்கா உள்ளகம் (ஒளி செல்லும் நடுப்பகுதி) கொண்டது நெடுநாள் தாங்கும்.

குழாயின் தகைவை (அது எவ்வளவு இழுபட்டுத் தாங்குகிறது என்பதை) அறிய நாலு வளைவுகளில் பிராக் கிரேட்டிங் (நீண்டால் திருப்பி அனுப்பும் ஒளியின் அலைநீளம் மாறும் இழைத்துண்டு) ஒட்டினோம். ஒரு டிகிரி ஏறினாலே அது 8 மைக்ரோஸ்ட்ரெய்ன் (நீளத்தில் பத்து லட்சத்தில் 8 பங்கு) இழுப்பு போலத் தெரியும். வெப்பத்தை மட்டும் காட்ட, பக்கத்திலேயே ஒட்டாமல் தளர விட்ட இன்னொரு கிரேட்டிங் இல்லாமல் அந்த எண்களை நான் நம்புவதில்லை.

1995 டிசம்பரில் ஜப்பானின் மொஞ்சு வேக ஈனுலையில் சோடியம் கசியக் காரணமே, சோடியத்துக்குள் நீட்டியிருந்த ஒரு வெப்பமானியின் உறைக்குழல்தான். ஓட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து முறிந்தது. சோடியத்துக்குள் எதையும் நீட்டாமல் வெளியிலிருந்தே குழாய் முழுவதையும் பார்க்க முடிகிறதே, அதற்காகவே இந்த இழையை நான் விடமாட்டேன்.

அடுத்த மாதம் சூடான பக்கத்து இன்சுலேஷனைப் பிரிக்கிறோம். அங்கே 500 டிகிரி தாண்டும். இழையின் பாலிஇமைடு (ஒருவகை பிளாஸ்டிக்) பூச்சு 300ஐ ஒட்டியே கருகத் தொடங்கும். தங்கப் பூச்சு இழை கேட்டிருக்கிறேன், கூடவே உதிரியாக இன்னொன்றும்.