பெருமாள்புரம் வார இறுதி வகுப்பு: கரும்பலகைக்காகப் போகலாம், கையேட்டுக்காக வேண்டாம்

பாளையங்கோட்டைக்குத் 'தென்னாட்டு ஆக்ஸ்போர்டு' என்றொரு பட்டம் உண்டு. அதைச் சுவரொட்டியில் போடாமல் இங்கே பயிற்சி மையம் நடத்த முடியாது போலிருக்கிறது. பெருமாள்புரத்து மாடியில் இயங்கும் இந்த மையமும் போட்டிருக்கிறது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வுக்குரிய கணிமைக் கோட்பாட்டு வகுப்பு (கணினியால் எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்ற பாடம்), சனி ஞாயிறு மட்டும். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவன். அம்பாசமுத்திரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து போனேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். கையேடு மோசம். இந்தத் துறையின் முன்னோடி ஆலன் டூரிங்கின் 1936 கட்டுரைக்கு 1963 என்று அச்சிட்டிருக்கிறார்கள். மனிதர் 1954-இலேயே இறந்துவிட்டார். எந்த நிரலை (புரோகிராமை) கொடுத்தாலும் அது ஓடி நிற்குமா, முடிவின்றிச் சுற்றுமா என்று சரியாகச் சொல்லும் ஒரு நிரலை எழுத முடியுமா? கேள்வித்தாளில் 'ஹால்ட்டிங் பிராப்ளம்' என்று வரும் இந்த நிற்றல் சிக்கலுக்கு இரண்டே வரி: முரண்பாடு வருகிறது, ஆகவே தீர்க்க முடியாது. யோசிக்கிற மாணவனுக்கு இதைப் படித்தால் சந்தேகம்தான் வரும்.

வந்தது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "மேடம், ஒரு நிரலுக்கு அதன் பிரதியையே கொடுத்துக் கேட்பது குறுக்குவழி இல்லையா? 'நான் சொல்வது பொய்' என்பதைப் போல அது அர்த்தமில்லாத கேள்வி. அதைத் தள்ளிவிட்டால் மீதி எல்லாவற்றுக்கும் விடை சொல்லும் நிரலை எழுதலாமே?" பல வகுப்புகளில் இதற்கு 'உட்கார்' என்பதுதான் பதில்.

இந்த ஆசிரியை மடிக்கணினியை அவன் பக்கம் நகர்த்தினார். "தம்பி, அந்த விடைசொல்லியை நீங்களே எழுதுங்கள்." அவன் பைத்தானில் எழுதியது எளிமையானது: கொடுத்த நிரலைப் பத்தாயிரம் படிகள் ஓட்டிப் பார், அதற்குள் முடியாவிட்டால் 'நிற்காது' என்று சொல். ஆசிரியை அதையே உள்ளே வைத்து ஓர் எதிர்நிரல் செய்தார். விடைசொல்லி 'நிற்கும்' என்றால் அது முடிவின்றிச் சுற்றும். 'நிற்காது' என்றால் உடனே நின்றுவிடும். பிறகு எதிர்நிரலுக்கு அதன் பிரதியையே உள்ளீடாகக் கொடுத்தார்கள். விடைசொல்லி பத்தாயிரம் படிகளையும் எண்ணி முடித்து 'நிற்காது' என்றது. எதிர்நிரல் நின்றது.

'நான் சொல்வது பொய்' என்பதற்கு உண்மை, பொய் இரண்டும் ஒட்டாது. எதிர்நிரலோ எங்கள் கண்முன் நின்றது. கேள்விக்குத் திட்டவட்டமான விடை இருந்தது, விடைசொல்லிதான் தவறிவிட்டது. பத்தாயிரத்தைப் பத்துக் கோடியாக்கினாலும், வேறு எந்த உத்தியைப் புகுத்தினாலும், அந்த விடைசொல்லிக்கென்று ஓர் எதிர்நிரல் பிறக்கும். அதன் முன் அது தவறாகச் சொல்லும், அல்லது விடையே சொல்லாமல் சுற்றும். 'இவன் சாப்பிட மாட்டான்' என்று அம்மா சொன்னதும் வேண்டுமென்றே சாப்பிடும் பிள்ளையை ஆசிரியை உதாரணம் காட்டினார்.

பையன் விடவில்லை. தன்னையே சுட்டும் நிரல்களைத் தடை செய்துவிட்டால்? மாறிகளின் பெயரை மாற்றி, வெட்டி வரிகள் சேர்த்து, அதே எதிர்நிரலை வேறு உருவில் கொண்டுவந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார். இரு நிரல்கள் ஒரேமாதிரி நடந்துகொள்ளுமா என்பதையும் எல்லா நிரல்களுக்கும் பொதுவாகத் தீர்மானிக்க வழியில்லை. நிரலின் நடத்தை பற்றிய அற்பமல்லாத எந்தக் கேள்விக்கும் இதே கதிதான் என்று சொல்லும், 1953-இல் வெளியான ரைஸ் தேற்றம் இந்த இடத்தில் கரும்பலகைக்கு வந்தது. கையேட்டில் அது எங்கோ பின்னால் அநாதையாகக் கிடக்கிறது.

பிறகு கோல்ட்பாக் ஊகம். 2-ஐவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகை என்கிறது அது. 1742-இலிருந்து நிறுவப்படாமலே இருக்கிறது. அதைப் பொய்யாக்கும் எண்ணைத் தேடி ஓடும் நிரல் தன்னைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் அது நிற்குமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இது உதாரணம் மட்டுமே, நிரூபணம் ஆகாது என்று அவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. 1970-இல் மத்தியசேவிச் முடித்துவைத்த ஹில்பர்ட்டின் பத்தாம் கணக்கையும் தொட்டிருக்கலாம்: வெறும் சமன்பாடுகள், முழு எண் தீர்வு உண்டா என்ற கேள்வி, அதற்கும் பொது வழிமுறை கிடையாது. நேரமில்லை என்றார்கள்.

நேரம் போதாதது உண்மைதான். விடையைச் சரிபார்ப்பது எளிது, ஆனால் கண்டுபிடிக்க விரைவான வழி தெரியாத கணக்குகளைப் பற்றிய என்பி முழுமையை ஒரே மதியத்தில் ஓட்டிவிட்டார்கள். அந்தப் பகுதிக்காக யாரும் இங்கே வர வேண்டாம். மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குப் பாதிதான் கேட்கும். இடைவேளைக் கருப்பட்டிக் காப்பி நன்றாக இருந்தது.

கட்டணம் நாலாயிரம் ரூபாய், கையேட்டுக்குத் தனியாக முந்நூறு. கையேடு இல்லாமல் சேர முடியாது என்று என்னிடம் கறாராகச் சொன்னார்கள். எனக்குப் பிறகு வந்த ஒருவர் பேரம் பேசி அந்த முந்நூறைத் தவிர்த்துவிட்டார். பேசிப் பாருங்கள்.